கடைசியாக நடப்பவர்

இந்த நாட்டில் நடப்பதற்கும் ஒரு சங்கம் இருக்கிறது என்றால் ஊரில் நம்பமாட்டீர்கள். நினைத்தவுடன் சேர்ந்துவிடவும் முடியாது. ஒரு நாள் கூட்டத்தோடு நடந்து காட்ட வேண்டும். பின்தங்காமல் வந்தால்தான் உறுப்பினர். ஆஸ்திரேலியா வந்ததிலிருந்து எங்கள் கதவைத் தட்டியவர் கூரியர்காரர் மட்டுந்தான். எனக்கு எப்படியாவது நாலு மனிதர்கள் வேண்டியிருந்தது. உடுமலைப்பேட்டையில் ஓடும் பஸ்ஸைத் துரத்திப் பிடித்த கால் இதற்கா சளைக்கும் என்று கணவரையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நடை, காட்டுத்தீ தின்றுபோட்ட ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில். ஊட்டிக்குப் போகும்போது பார்க்கிற அதே தைல மரங்கள், அடியிலிருந்து நுனிவரை கரி. ஆனால் கிளை வரட்டும் என்றுகூடக் காத்திராமல், கறுத்த தண்டிலேயே கொத்துக் கொத்தாகப் பச்சைத் தளிர்கள். பார்க்கப் பார்க்கக் காரணமே இல்லாமல் எனக்குச் சிரிப்பு பொங்கியது.

பாதை குறுகி ஒற்றையடியானது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பந்திக் கதவருகே, "நீங்க மொதல்ல உக்காருங்க", "அட, நீங்க உக்காருங்க" என்று இரண்டு குடும்பங்கள் மல்லுக்கட்டி முடிப்பதற்குள் இலையில் சோறு ஆறிவிடும். விமானம் ஏறினால் அந்தப் பழக்கம் விட்டுவிடுமா? ஒவ்வொருவராக முன்னே அனுப்பினேன். மிஞ்சியவர் கிரெக், எழுபதைத் தாண்டியவர். அவருக்கும் ஒதுங்கி வழிவிட்டேன். அவரோ நகராமல், "யூ ஃபர்ஸ்ட்" என்றார். "நோ நோ, ப்ளீஸ்" என்றேன். நாலு தடவை இப்படியே போனபின் திடீரென்று அவர் முகம் சிவந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு மரத்தைப் பார்த்து நின்றார். "டேக் யுவர் டைம்" என்றார். தளிரை ரசிக்கிறார் போலும் என்று நானும் மரியாதையாகக் காத்து நின்றேன். கூட்டம் வளைவில் மறைந்துவிட்டது.

என்னைத் தேடிக்கொண்டு கணவர் திரும்பி வந்தார். "அம்மணி, ஏன் இங்கயே நின்னுபோட்ட?"

"பெரியவர உட்டுப்போட்டு நா எப்படிங்க முன்னாடி போறது?"

"அட, கடைசில வர்றதுதான் அவரு வேலையே! ஆரும் உட்டுப்போகாம பாக்கறவரு. நீ மறைவா ஒதுங்கோணும்னு நெனச்சுத் திரும்பி நிக்கறாரு!"

கரிந்த கட்டையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். கணவர் இங்கிலீஷில் விளக்கியதும் கிரெக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உறுப்பினராகும் ஆசை இத்தோடு போச்சு என்று பயம் வேறு. பயத்திலும் சிரிப்பு நிற்கவில்லை.

ஆற்றங்கரையில் மொத்தக் கூட்டமும் எங்களுக்காக நின்றிருந்தது. தலைவி மெரில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கிரெக் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். யாரையும் முந்தாத ஒருத்தியைத்தான் இத்தனை நாளாகத் தேடினோம், கிரெக்கின் முழங்காலுக்கும் ஓய்வு என்றாள் மெரில். அங்கேயே உறுப்பினராகிவிட்டேன். இனி நான்தான் கடைசி ஆள். கிரெக் தன் கழுத்து விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். எல்லாரும் ஆற்றைக் கடந்தபின், பின்னால் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு ஊத வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஒருவர் பின் ஒருவராக இறங்கிக் கடந்தார்கள். கிரெக்கையும் முன்னே அனுப்பிவிட்டேன், பரம சந்தோஷம். முழங்கால் தண்ணீரில் நின்று, சிரிப்பு அடங்காத வாயில் விசிலை வைத்துத் திரும்பிப் பார்த்தேன். பாதை காலியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பின்னால் அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், உடுமலையே இருக்கிறது. யாருமில்லை என்று எப்படி ஊதுவேன்? அக்கரையில் புதுச் சிநேகிதர்கள் கையாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.