பதினோராவது கூறு

அண்ணே, எங்கள் அம்மாவுக்கு வரவேண்டிய கறியை நீங்கள்தான் நிறுத்தினீர்கள். வேறு யாரும் இல்லை.

படிக்கிறவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். இவர் என் பெரியப்பா மகன். எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். தீபாவளிக்கும் மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் வருகிற கறிநாளுக்கும் பங்காளிகள் பதினோரு வீடும் சேர்ந்து ஆடு வாங்கி, தோப்பில் வெட்டிப் பங்கு போடுவோம். அந்தப் பங்குக்குக் கூறு என்று பெயர். வாழையிலையில் பதினோரு கூறு. ஒவ்வொன்றிலும் தொடை, நெஞ்செலும்பு, ஈரல், குடல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். தராசு கிடையாது. அண்ணன் கைதான் தராசு. ஒரு துண்டு ஈரலை இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பார், தள்ளி நின்று பார்ப்பார், மறுபடி எடுப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். பிறகு ஒருத்தர் முதுகைக் காட்டி நிற்க, அண்ணன் ஒரு கூறைத் தொட்டு “இது யாருக்கு?” என்பார். திரும்பி நிற்கிறவர் எந்த வீட்டைச் சொல்கிறாரோ அந்த வீட்டுக்கு அது. அப்பா போன பிறகும் அப்பா பெயரைச் சொல்லித்தான் எங்கள் கூறு வந்தது.

நான் மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆட்டுக்கறிக்குப் பதில் பட்டாணியிலும் சோயாவிலும் செய்த கறியைத் தின்று பாருங்கள் என்று கல்லூரி, கல்யாண மண்டபம், பரவை மார்க்கெட் எல்லாம் சுற்றுகிற வேலை. நான் கறியை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அம்மா விடவில்லை. நான் விடச் சொன்னதும் இல்லை.

ஒரு ஆடி மாதம் அண்ணன் வீட்டுக்கே எங்கள் சோயாக்கறிப் பாக்கெட்டைக் கொண்டுபோய்ச் சுக்கா வறுத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைக் கிளறினார்.

“மணம் வந்துருச்சு. எலும்பு எங்க தாயி?”

“எலும்பெல்லாம் கிடையாதுண்ணே.”

“அப்ப பல்லு எதுக்கு இருக்கு?”

“இருக்குறதே நாலு பல்லு” என்றார் மதினி அடுப்படியிலிருந்து.

ஆட்டிலிருந்து துளிச் சதையை எடுத்துத் தொட்டியில் வளர்க்கிற கறியும் வரப்போகிறது என்றேன்.

“ஆடு?”

“அதுபாட்டுக்கு மேயும்.”

“தொட்டியில ஈரல் வளருமா? குடலு?”

“இப்போதைக்குச் சதைதாண்ணே.”

“அம்புட்டும் சதையா இருந்தா கூறு எப்படி தாயி போடுறது? ஒருத்தனும் சண்டைக்கே வர மாட்டாய்ங்களே!”

அதை அப்படியே எங்கள் அலுவலகக் கூட்டத்தில் சொன்னேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். என் அண்ணன் கேட்ட கேள்வி என்று பெருமையாக இருந்தது.

அந்தத் தீபாவளிக்கு அவர் பத்துக் கூறுதான் போட்டார்.

அம்மா விடியலிலேயே மசாலா அரைத்து வைத்துவிட்டார். “ஆடு பெருசு போல, நேரமாகுது” என்றார். அப்புறம் “மறந்துருப்பான்” என்றார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் கேட்டதும் மசாலாக் கிண்ணத்தைத் தட்டால் மூடினார். நான் போன் போட்டேன்.

“உனக்கு மரியாதை குடுத்துத்தான் விட்டேன் தாயி” என்றார் அண்ணன். “ஊர் ஊராப் போயி கறி வேணாம்னு சொல்ற புள்ள நீ. உன் வீட்டு வாசல்ல ரத்தம் சொட்டச் சொட்டக் கொண்டாந்து குடுத்தா நல்லாவா இருக்கும்?”

போனை வைத்துவிட்டேன்.

அம்மா எழுந்தார். “அரைச்ச மசாலா வீணாப் போகவா? கொண்டா உன் பாக்கெட்ட.” அதிலேயே குழம்பு வைத்து, இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டார். கை கழுவும்போது சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா நமக்குன்னு யாரும் எடுத்து வச்சது இல்லையே.”

என் வேலையில் இதுவரை யாரும் சொல்லாத குறை அது. அதைத் தீர்க்க என் நிறுவனத்தால் முடியாது. உங்களால் முடியும்.

அண்ணே, உங்கள் மனசு எனக்குத் தெரியும். எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று நினைத்தீர்கள். இருந்தாலும் தப்பு தப்புதான். கூறு என் வாய்க்கு வருவது அல்ல, அப்பா வீட்டுக்கு வருவது. அதை ஒரு தடவையானாலும் நிறுத்த உங்களுக்கு யார் சொன்னது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அம்மாவிடம் கேட்டீர்களா?

வருகிற கறிநாளுக்கு நானும் அம்மாவும் தோப்புக்கு வருகிறோம். என் பாக்கெட்டையும் கொண்டுவருவேன். ஒவ்வொரு கூறிலும் அதில் ஒரு பிடி வையுங்கள், உங்கள் கையாலேயே வையுங்கள். போனில் சமாதானம் வேண்டாம். மதினியைத் தூது அனுப்பவும் வேண்டாம். இலை விரித்து, ஒருத்தர் முதுகைக் காட்டி நின்றதும், அத்தனை பங்காளிகள் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள்: எங்கள் வீட்டுக்குக் கூறு உண்டா, இல்லையா?