இரைப்பு அடங்கிய கொட்டகை

ஆரிபாவுக்குப் பாம்புக் காது என்று நான் கிண்டல் செய்வேன். பாகூரில் எங்கள் வீட்டை ஒட்டித்தான் அவளுடைய பிராய்லர் கொட்டகை. அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டே, "தேவிக்கா, குஞ்சுங்களுக்குக் குளிருது" என்று எழுந்து ஓடுவாள். சத்தத்தை வைத்தே பசியா, குளிரா என்று சொல்லிவிடுவாள். கணவர் ஜலாலுதீன் இறந்த பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்தக் கோழிகள்தான். போன கோடையில் வெயிலுக்குப் பாதி செத்தபோது, குஞ்சு கொடுக்கும் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது: இன்னொரு முறை இப்படி ஆனால் இனிக் குஞ்சு கிடையாது.

இந்த வைகாசியில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் நாள் வந்தது. மருந்தைத் தண்ணீரில் கலந்து வைப்பார்கள். தாகம் இருந்தால்தான் எல்லாக் கோழியும் உடனே குடிக்கும் என்று, காலையிலேயே தண்ணீர்த் தட்டுகளைக் கயிற்றில் உயரத் தூக்கிக் கட்டிவிடுவது வழக்கம். ஆரிபாவும் கட்டிவிட்டாள். மருந்து கொண்டுவர வேண்டிய கம்பெனி சூப்பர்வைசர் அரிகரன் வரவில்லை, போன்தான் வந்தது.

"தோ வந்துட்டேன்க்கா. தட்ட மட்டும் எறக்கிடாதீங்க, அப்புறம் மருந்து குடிக்காதுங்க."

வெயில் ஏறியது. கோழிக்கு வேர்க்காது, வாயைப் பிளந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். கொட்டகை முழுக்க ஒரே இரைப்பு.

"தண்ணி காட்டுடி!" என்று கத்தினேன்.

"கம்பெனில இன்னா சொல்லுவாங்களோக்கா" என்று கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள்.

உச்சிவேளையில் சத்தம் அடங்கியது. ஆரிபாவின் முகம் தெளிந்தது.

"காத்து வந்துடுச்சி போலக்கா. அடங்கிடுச்சிங்க."

வெளியே ஒரு தென்னங்கீற்றுகூட அசையவில்லை. உள்ளே போய் ஒரு கோழியைத் தூக்கினேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி கையைச் சுட்டது.

அப்போதுதான் அரிகரன் வந்தான். பார்த்ததும் மருந்து இருந்த ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"ஒடம்புல தண்ணி கொறைஞ்சா, இருக்கறதக் காப்பாத்த உள்ள ஹார்மோன் சொரக்கும்க்கா. மூச்சுல ஈரம் போவக் கூடாதுன்னு இரைக்கறதும் கொறைஞ்சிடும். சூடு உள்ளயே ஏறிப்பூடும்."

எல்லாம் தெரிந்த மகராசன். நேரத்துக்கு வரத்தான் தெரியவில்லை.

ஆரிபா கயிற்றை அவிழ்த்தாள். ஓரத்துக் கோழிகள் சில தள்ளாடி வந்தன. மற்றவை கழுத்தை நீட்டிப் படுத்தே கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி அலகைத் தண்ணீரில் நனைத்தாள். "குடிம்மா, குடி" என்று அழுதாள்.

கம்பெனி சொன்னபடியே குஞ்சு கொடுப்பதை நிறுத்திவிட்டது. இப்போது ஆரிபா சேதராப்பட்டில் ஒரு ஃபேக்டரிக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறாள். கரண்ட் போய் மெஷின்கள் நின்றால் மற்ற பெண்கள் அப்பாடா என்று உட்காருவார்களாம். இவள் மட்டும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறாளாம்.