கயலுடைய கோச்

போன சனிக்கிழமை கராஜைச் சுத்தம் செய்தபோது ஓர் அட்டைப்பெட்டியில் கயலின் ஷின் கார்டு அகப்பட்டது. கால்பந்து ஆடும்போது முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொள்வார்களே, அது. பத்து வருஷம் ஆகியும் ஈரப் புல்லும் வியர்வையும் கலந்த அந்த வாடை போகவில்லை. மோந்து பார்த்ததும் மகள் அல்லவா நினைவுக்கு வரவேண்டும்? அவளுடைய கோச்தான் வந்தார். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அவர் அர்ஜென்டினாக்காரர். பதினோரு வருஷம் கோல் விழாமல் தடுக்கும் டிஃபெண்டராக ஆடி, முட்டி தேய்ந்துபோய், சான் ஹோசேயில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் பத்து வயதுப் பெண்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, இரும்புக் குழல் வைத்து ஏதோ கசப்பு இலைத் தண்ணீரை உறிஞ்சுவார். ஒரு நாள் ஃபிளாஸ்கில் ஃபில்டர் காபி கொண்டுபோய் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம் என்றார். ஆரம்பமே சரியில்லை.

அவர் கதையெல்லாம் எனக்குக் காரில்தான் தெரியவந்தது. ஃப்ரீவேயில் ஏறியதும் கயல் தொடங்கிவிடுவாள், இங்கிலீஷில்தான். கோச் சின்ன ஊர் கிளப்பில் சேர்ந்தது, இரண்டாம் டிவிஷனிலேயே பாதி வயது போனது, பிறகு மெக்சிகோ போனது, கோல் கோட்டில் விழுந்து தலையால் பந்தைத் தடுத்து ஒரு பல்லை இழந்தது. நானும் இந்த நாட்டுக்கு இரண்டு பெட்டியோடு வந்தவன்தான். டெக்சாஸில் நான்கு பேரோடு ஓர் அறையில் கிடந்திருக்கிறேன், கிரீன் கார்டுக்காக வருஷக்கணக்கில் காத்துக்கிடந்திருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆபீஸில் ஒரு மீட்டிங் நடுவே அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். பதினோரு வருஷத்தில் இரண்டே கோல். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அன்று சாப்பிடும்போது மெதுவாக எடுத்துவிட்டேன்.

“உங்க கோச் மொத்தமே ரெண்டு கோல்தான் அடிச்சிருக்காரு, தெரியுமா?”

“டாட், ஹி இஸ் எ டிஃபெண்டர்,” என்றாள் கயல்.

மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே, “ஆபீஸ்ல உக்காந்து இதைத்தான் சர்ச் பண்ணிட்டிருந்தீங்களா?” என்றாள்.

மூன்று வருஷம் ஞாயிறு தவறாமல் அவளைத் தமிழ்ப் பள்ளியில் கொண்டுபோய் விட்டேன். “சாப்டியா?” என்றால் “யெஸ்” என்பாள், அவ்வளவுதான். ஒரு நாள் பயிற்சி முடியுமுன்பே மைதானத்துக்குப் போனேன். “விடு! விடு!” என்று சத்தம். கத்தியது கோல் காக்கும் மெக்சிகோக்காரச் சிறுமி. ‘நான் பிடிக்கிறேன், நீ ஒதுங்கு’ என்று அர்த்தம். அடுத்த பந்துக்குக் கயல் “என்னுது!” என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

இந்தப் பக்கத்தில் எல்லா அணிக்கும் ஸ்பானிஷ் தெரியும், அதனால் வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கயலிடம் கேட்டு இரண்டு வார்த்தை வாங்கிக்கொண்டேன் என்றார் கோச். எவனுக்கும் புரியாது என்று கண்ணடித்தார்.

பூரித்துப்போயிருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. நான் கெஞ்சியும் வராத தமிழ் அவர் ஒரு தடவை கேட்டதும் வந்துவிட்டது.

அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். ஃபைனலில் எதிரணி சான்டா கிளாரா. அதில் முன்வரிசையில் ஆடும் பெண்ணின் அப்பா என் ஆபீஸ்காரர், வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சே இல்லை என்று பீற்றிக்கொள்பவர். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியும் என்று கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு தடவையாவது அவர் கணக்குத் தப்பட்டும், கயல் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

கடைசி ஐந்து நிமிஷம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து கயலின் காலுக்கு வந்தது. பின்னாலிருந்து “விடு!” என்று ஒரு குரல். நம்பிக் காலை எடுத்துவிட்டாள். கத்தியது ஆபீஸ்காரரின் மகள். பந்தை வாங்கிக் கோலுக்குள் தள்ளிவிட்டுப் போனாள். அப்படிக் கத்தி ஏமாற்றுவது தப்பாட்டம்தான். ரெஃப்ரிக்குத் தமிழ் தெரிந்தால்தானே.

கயல் அழுதாள். கோச் மடங்காத முட்டியை மடக்கி அவள் முன்னால் உட்கார்ந்து, கையைத் தூக்கி, தப்பு தன்னுடையது என்றார். தான் தடுத்த பந்து ஒன்றுகூட ஊரில் யாருக்கும் நினைவில்லை, விட்ட ஒன்றைத்தான் இன்னும் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்ற எனக்கு அந்தச் சிரிப்பின் மேலும் பொறாமை.

அடுத்த வாரத்திலிருந்து மைதானத்தில் தமிழுக்குப் பதில் இங்கிலீஷ் எண்களைக் கத்தினார்கள்.

கோச் ஊருக்குத் திரும்பிவிட்டார். மைதானத்தில் இப்போது அபார்ட்மென்ட் நிற்கிறது. கயல் டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் காலேஜ் படிக்கிறாள். ஷின் கார்டைப் படம் எடுத்து அனுப்பினேன், உடனே கூப்பிட்டாள். அந்தப் படத்தைக் கோச்சுக்கு அனுப்பப்போவதாக இங்கிலீஷில் சொன்னாள். அந்த ஃபைனலில் தப்பு தன்னுடையதா, கோச்சுடையதா என்று இப்போதும் சில சமயம் யோசிப்பதுண்டு என்றாள்.

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன்.

“சாப்டியா?” என்று கேட்டேன்.

“யெஸ்,” என்றாள்.