மோதிரத்துக்கு ஓர் உள்சட்டை

என் மாமனார் அருள்பிரகாசம் போன மாதம் காலமானார். கோட்டையூரில் கடைசல் பட்டறை வைத்திருந்தவர். மோட்டாரில் சுழலும் மரத்தில் உளியை வைத்து, கட்டிலுக்குக் கால், ஊஞ்சலுக்குக் குமிழ், மாடிப்படிக்குக் கம்பம் என்று உருட்டி எடுப்பது அவர் தொழில். வேலைக்கு ஒருநாளும் பஞ்சமில்லை. பெரிய வீடுகளை விடுதிகளாக மாற்றியவர்கள் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். மதியம் சாப்பிட்டதும் மரச்சுருள் குவியலில் துண்டை விரித்துத் தூங்குவார். எந்த முதலாளி காரில் வந்து நின்றாலும் அந்தத் தூக்கம் முடிந்துதான் பேச்சு.

காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஜெகபர் சாதிக் பாய் அவருடைய நெடுநாள் கூட்டாளி. பழைய நாற்காலி ஒன்று மூன்று காலோடு வந்தால், நான்காவது காலை மாமா செய்து தருவார். எது புதியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விற்கும்போது வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. ஒருமுறை கடையில் சென்னைக்காரர் ஒருவர் நாற்காலியைத் தடவித் தடவி, “எல்லாமே நூறு வருஷத்துப் பொருளா?” என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டார்.

“முன்னங்காலு ஒண்ணு மட்டும் போன வாரம் பொறந்தது சார்.”

பாய் தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்ப்பா பிரகாசம், என் யாவாரத்தக் கெடுக்குறதுக்குன்னே ஆட்டோ புடிச்சு வந்தியா?”

“ஆட்டோ எதுக்கு பாய், டவுன் பஸ்லதான் வந்தேன்.”

சென்னைக்காரர் சிரித்துக்கொண்டே நாற்காலியை வாங்கிப் போனார்.

நாற்காலிக் காலைக்கூட மறைக்காத அந்த மனிதர் ஒரே ஒரு விஷயத்தை மறைத்தார். என் கல்யாணம் அதில்தான் மாட்டிக்கொண்டது.

அவருடைய ஒரே மகள் பெல்சி. சிறு வயதிலேயே தாயை இழந்தவள். அவளுக்கு எந்த உலோகமும் உடம்பில் நெடுநேரம் ஒட்டிக் கிடக்க ஆகாது. பட்ட இடம் சிவந்து, கொப்புளித்து, நீர் கோத்துக்கொள்ளும். தொற்றும் வியாதி இல்லை, உலோகத்தை உடம்பில் போடாமல் இருந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் காதுக்கு அப்பா கடைந்து கொடுத்த மரத் தோடு, கையில் மர வளையல். பெண் பார்க்கப் போன அன்று என் அம்மா பவுலினுக்கு அதுதான் பிடித்துப்போனது. “நகை மேல ஆசையில்லாத புள்ளடா” என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். காரணத்தை அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நிச்சயத்தன்று அம்மா ஒரு தங்க மோதிரத்தை நீட்டினார். கல் எதுவும் இல்லாத, வழுவழுப்பான பட்டை மோதிரம். மாப்பிள்ளை வீட்டார் போடும் மோதிரத்தை நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? பெல்சி விரலை நீட்டினாள். பக்கத்தில் நின்ற மாமா வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். அதை நான் பார்த்தேன், ஆனால் எனக்கு விளங்கவில்லை.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்த அன்று பெல்சியும் பூசைக்கு வந்திருந்தாள். மோதிர விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. என் சித்தி அதைப் பார்த்துவிட்டு நேராக அம்மாவிடம் வந்தார்.

“ஏக்கா, பொண்ணு வெரல்ல நீர் வடியுது. கேட்டா கத்தி பட்டுருச்சுங்குது. தோல் வியாதி எதையாச்சும் மூடி மறைச்சுத் தள்ளிவிடப் பாக்குறாகளோ என்னமோ, விசாரிச்சியா நீ?”

அம்மா அன்று மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“ரெண்டாவது ஓலை வாசிக்கிறதுக்குள்ள எனக்கு உள்ளது தெரியணும் ராசு. இல்லேன்னா நானே சாமியார்கிட்டப் போயி நிப்பாட்டச் சொல்லிருவேன்.”

நான் பெல்சிக்குப் போன் செய்தேன். அழாமல், எதையும் குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. ஆனால் அம்மாவை எதிர்த்து அவளைக் கட்டிக்கொள்வது வேறு, அம்மா இருக்கும் வீட்டில் அவளை நிம்மதியாக வாழவைப்பது வேறு. தாலியையாவது மஞ்சள் கயிற்றில் கோத்து ரவிக்கைக்கு மேலே போட்டுக்கொள்ளலாம். மோதிரம் விரலை விட்டு எங்கே போகும்?

மகள் என்னோடு பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா மறுநாளே சாதிக் பாயின் கடைக்குப் போனார். மரத்தில் மோதிரம் செய்யப் போவதாகச் சொன்னதும், பாய் ஒடிந்த சாய்வு நாற்காலி ஒன்றின் கைப்பிடியை எடுத்துக் கொடுத்தாராம். கன்னங்கரேலென்ற தோதகத்தி மரம். மரத்திலேயே உசத்தி. மகளுக்கு உசத்தியானதைத்தான் செய்ய வேண்டும் என்று மாமா நினைத்தார். ராத்தூக்கத்தைக்கூடப் பார்க்காமல் கடைந்து, நடுவில் கோடு கிழித்து, கண்ணாடி போலத் தேய்த்துக் கொடுத்தார்.

பெல்சி போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் விரல் முன்னைவிட மோசமாக வீங்கிவிட்டது.

“விட்ருங்கப்பா,” என்றாளாம். “கோளாறு எங்கிட்டத்தான் இருக்கு. அவுக வீட்டுல சொல்லி நிப்பாட்டிருவோம். எத்தனை மரத்தத்தான் வெட்டுவீக?”

மாமா பட்டறையில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முழங்கையைச் சொறிந்தார். தோதகத்தி கடையும் நாளெல்லாம் அந்த இடம் அவருக்கு அரிக்கும். தூசியென்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டுப் போய்விடுவார். இப்போதுதான் பொறி தட்டியது. அந்த மரத்திலேயே ஒரு கடுப்பு இருக்கிறது. கோளாறு மகளிடம் இல்லை, உசத்தியைத் தேடிய தன்னிடம்தான்.

பட்டறை மூலையில் வெப்பாலைக் கட்டைகள் கிடந்தன. வெளுப்பான, விலை குறைந்த மரம். சொப்புச் சாமான் கடைய வாங்கிப் போட்டது. பிள்ளைகள் வாயில் வைத்துக் கடிப்பார்கள் என்பதால் அதற்கு இந்த மரத்தைத்தான் எடுப்பார். ஒரு வில்லையை நறுக்கி, மெழுகோ வார்னிஷோ பூசாமல், பெல்சியின் இன்னொரு கை விரலில் நூலால் கட்டிவிட்டார். சமைக்கும்போதும் தூங்கும்போதும் அதோடுதான் இருந்தாள். வெள்ளிக்கிழமை போய்ச் சனி வந்தது. விரல் விரலாகவே இருந்தது.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே பெல்சி. உட்காரச் சொல்லியும் மாமா உட்காரவில்லை.

“சம்பந்தியம்மா, உள்ளதச் சொல்ல வந்தேன். எம் புள்ளைக்கு இரும்பு, வெள்ளி, தங்கம் எதுவும் சேராது. சின்னதுலருந்தே அப்பிடித்தான். மறைச்சது அவ இல்ல, நான். தாயில்லாப் புள்ள, இந்தச் சம்பந்தம் தட்டிப் போயிருமோன்னு வாய மூடிட்டேன்.”

“நாக்காலிக்காலு புதுசுன்னு ஊருக்கே சொல்ற ஆளாமே நீக,” என்றார் அம்மா. “எங்ககிட்ட மட்டும் என்ன பூட்டு போட்டுக்கிட்டீக?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பெல்சியின் இரண்டு கைகளையும் அம்மாவிடம் நீட்டிக் காட்டினார். ஒரு விரல் வீங்கியிருந்தது. வில்லையை அவிழ்த்த மற்றொன்று சுத்தமாக இருந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“வலிக்குதாடி?”

“இப்ப இல்ல அத்தை.”

“அன்னைக்குப் போடும்போதே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இந்தக் கையோட ஒரு வாரம் இருந்திருக்க.”

திட்டியதில் கோபம் பாதிதான் இருந்தது. மாமாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“மரத்துலயே ஒரு மோதிரம் செஞ்சு போட்டுருவோமா சம்பந்தியம்மா?”

“நல்லாருக்கு. பீடத்துக்கு முன்னாடி நின்னு மரத்துல மோதிரமா? சனம் சிரிக்காது?”

“சிலுவையே மரத்துலதானங்க செஞ்சாக.”

அம்மா சிரித்துவிடாமல் இருக்க முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஆனால் விடவில்லை.

“அதெல்லாம் பேச நல்லாத்தான் இருக்கு. கையில கெடக்குறது மாப்ள வீட்டு மோதிரமா இருக்கணும். நீகளே செஞ்சு நீகளே போட்டா அதுல நாங்க எங்குட்டு இருக்கோம்?”

மாமா மகளிடம் திரும்பினார். பெல்சி கழற்றி வைத்திருந்த தங்க மோதிரத்தைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அதன் துளை வழியாக வாசலைப் பார்த்தார்.

“இத அழிக்க வேணாம். கொஞ்சம் தட்டி அகலப்படுத்திக் குடுத்தீகன்னா போதும். இதுக்கு ஒரு உள்சட்டை தச்சுப் போட்டுர்றேன். தங்கம் உங்களது, வெளிய இருக்கட்டும். மரம் என்னது, உள்ள இருக்கட்டும். அவ தோலுல மரந்தான் படும்.”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பெல்சியின் வீங்கிய விரலைப் பார்த்தார்.

“மூணாவது ஓலைக்கு முன்னாடி எங்கண்ணால பாக்கணும்,” என்றார்.

மறுநாள் இரண்டாவது ஓலை வாசிக்கப்பட்டது. சித்தி எங்கள் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அம்மா பாட்டுப் புத்தகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

ஆசாரி மோதிரத்தைத் தட்டி, மெலிதாக்கி, பெரிதாக்கிக் கொடுத்தார். நான்தான் அதைக் கோட்டையூருக்குக் கொண்டுபோனேன். நான் வேலை பார்க்கும் கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டு அன்று முழுவதும் பட்டறையில் இருந்தேன். அவ்வளவு மெலிசான மரம் நிற்கவே மாட்டேன் என்றது. துளை போட்டு வெளிப்பக்கம் சீவச் சீவ, கடைசி நேரத்தில் டப்பென்று பிளந்து எங்காவது தெறிக்கும். மாமா அதைத் தேடவும் மாட்டார், அலுத்துக்கொள்ளவும் மாட்டார். அடுத்த கட்டையை மாட்டுவார். உளிகள் எதுவும் தோதுப்படாமல், பழைய குடைக்கம்பி ஒன்றைத் தட்டித் தீட்டி உளியாக்கிக்கொண்டார்.

“தங்கம் ஏறுற வரைக்குந்தான் இந்தப் பாடு மாப்ள. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுறாகல்ல, அந்தக் கதைதான். பட்டா இறுக்கிப் புடிச்சுட்டா அப்புறம் மரம் பிரியாது.”

பொழுது சாயும் நேரத்தில் ஒன்று நின்றது. ஒரு ஓரத்தில் விளிம்பு விட்ட மரக்குழல். அதன்மேல் தங்க வளையத்தைச் செருகினார். மூச்சுப் பிடித்தாற்போல இறுக்கமாக உட்கார்ந்தது. மறு ஓரத்துக்குத் தனியாகக் கடைந்த விளிம்பைப் பசை தொட்டு அழுத்தினார். இரண்டு விளிம்பும் தங்கத்தைவிட ஒரு நூல் உயரம். பக்கத்து விரல்கள் உரசினாலும் மரத்தில்தான் உரசும். கடைசியாகத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். வெளுத்த மரம் சந்தன நிறமாயிற்று. நடுவில் அம்மாவின் தங்கம் மின்னியது.

பெல்சி அதைப் போட்டுக்கொண்டு நாலைந்து நாள் இருந்தாள். மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் அம்மாவே டவுன் பஸ் ஏறிக் கோட்டையூர் போனார். மோதிரத்தைக் கழற்றச் சொல்லி, விரலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பிறகு தன் கையாலேயே திரும்பப் போட்டுவிட்டார். “சம்பந்தி, சட்டை அளவு சரியாத்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னாராம். மாமா அதைக் கேட்டுவிட்டு வெளியே போய்க் கன்னத்தைத் துடைத்துக்கொண்டதாகப் பெல்சி பிறகு சொன்னாள்.

கல்யாணத்தில் சாமியார் மோதிரத்தைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். எதுவும் கேட்காமல் மந்திரித்துக் கொடுத்தார். சித்தி முன் வரிசையில் கழுத்தை நீட்டினார். “அது புது மாடலு. சம்பந்தி செஞ்சது” என்று அம்மா அவரிடம் சொன்னது பீடம் வரைக்கும் கேட்டது.

அதன் பிறகு மரம் தேயும்போதும், பெல்சி உண்டாகியிருந்து விரல் பருத்தபோதும் மாமா உள்சட்டையை மாற்றிக் கொடுத்தார். தங்கம் அதேதான். அரிப்புக்காரர்கள் இன்னும் சிலர் அவரைத் தேடி வந்தார்கள். அம்மா அனுப்பியவர்களும் உண்டு.

போன மாதம் ஒரு காலை வேளையில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறையிலேயே சாய்ந்தார். செய்தி கேட்டுச் சாதிக் பாய்தான் முதலில் ஓடிவந்தார். அடக்கம் முடியும்வரை பாய் கடையைத் திறக்கவில்லை.

மாமாவுக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமனாரிடம் அதையெல்லாம் சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் வீட்டில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு ஒன்றாக இருக்கிறார்கள் என்றால், அது அவர் தந்தது.

இன்று மதியம்கூட நடந்தது. பெல்சி சாப்பாட்டுப் பாத்திரங்களைத் துலக்க உட்கார்ந்தாள். அப்பா போனதிலிருந்து அவள் மோதிரத்தைக் கழற்றுவதே இல்லை. அம்மா பார்த்துவிட்டார்.

“அடியே, மரம் ஊறிப் போகும். கழட்டி வச்சுட்டுத் தொலக்கு.”

“மாட்டேன் அத்தை.”

“ஊறி வெடிச்சுப் போனா இனிமே யாருடி மாத்திக் குடுப்பா?”

பெல்சி தேய்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவள் கையிலிருந்த நாரைப் பிடுங்கினார்.

“எந்திரி அங்குட்டு,” என்றார். தானே உட்கார்ந்து துலக்க ஆரம்பித்தார்.