பேப்பருக்கு ஏசி

அந்த வானிலைப் பெட்டியை நான் செய்தது எனக்காகத்தான். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைன் வேலை எனக்கு. விருதுநகரிலிருந்து தினமும் பஸ். வெயில் எம்புட்டு என்று கேட்டால் போன் ஒன்று சொல்லும், தோல் வேறொன்று சொல்லும். அந்த எரிச்சலில்தான் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, வெப்பமும் ஈரப்பதமும் பார்க்கும் சென்சார், தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை எல்லாம் ஆன்லைனில் வாங்கினேன்.

முதலில் தப்புத் தப்பாகக் காட்டியது. போர்டின் சூட்டையே சென்சார் அளந்துகொண்டிருக்கிறது என்று புரிய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. நீள ஒயரில் அதைத் தள்ளி வைத்தேன். சால்டரிங்கில் விரலைச் சுட்டுக்கொண்டேன். காலண்டர் அட்டையில் மிஞ்சிய துண்டுகளை வெட்டி ஒட்டிப் பெட்டி செய்து, ஆபீஸ் மேசையில் வைத்தேன்.

முதலாளி அண்ணாச்சி அதைப் பார்த்தார். அந்தச் சீசனில் அவருக்குப் பேப்பர் தகராறு. காற்றின் ஈரத்தைக் குடித்துப் பேப்பர் விரிந்துவிடும். நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் நிற்கும்.

“ஏம்மா, இதைப் பேப்பர் ரூமுல வச்சுப் பாப்பமா?”

வைத்தோம். காலைக்கும் மதியத்துக்கும் ஈரப்பதம் தாறுமாறாக ஏறி இறங்கியது. அந்த வாரமே பேப்பர் ரூமுக்கு ஏசி வந்துவிட்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டி, “நம்ம பிள்ளை செஞ்சது” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பக்கம் சேர்க்கும் ஹாலில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி ஏசி வந்த மறுநாள் என் மேசைக்கு வந்தாள். விஸ்வநத்தத்திலிருந்து வேனில் வருகிறவள்.

“எங்க ஹாலுலயும் கொஞ்சம் வச்சுப் பாரேம்மா.”

அந்த ஹாலுக்குத் தகரக் கூரை. மேலே மின்விசிறிகள் உண்டு, ஆனால் போடக் கூடாது. போட்டால் தாள் பறக்கும். ஜன்னலும் அதனாலேயே மூடியிருக்கும். மதியம் திரையில் நாற்பத்தொரு டிகிரி காட்டியது. அக்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்ப நாங்க பொய் சொல்லல, பாத்துக்கம்மா.”

பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து வந்து பார்த்தார்கள். அண்ணாச்சியும் வந்தார்.

“இதை எதுக்கு இங்கன வச்ச? நம்பரைப் பாத்தாத்தான் ஆளுக்கு இன்னும் வேர்க்கும். வேலை ஓடாது.”

“பேப்பருக்கு ஏசி போட்டீகளே, அண்ணாச்சி.”

“பேப்பர் கெட்டா ஆர்டர் போயிரும்லா? ஆளுக பழகிக்கிடுவாக.”

சாதாரணமாகச் சொன்னார், குரலைக்கூட உயர்த்தவில்லை. சொல்லிக்கொண்டே ஒயரைப் பிடித்து இழுத்தார். சென்சார் பிய்ந்துகொண்டு வந்தது. அதை என் கையில் கொடுத்துவிட்டு, “போய் டிசைனைப் பாரு” என்றார். என் முகத்தில் ரத்தம் ஏறியது. என் பெட்டி பேப்பரைக் காப்பாற்றியது, அவர் காசைக் காப்பாற்றியது; அதே பெட்டி மனுஷிகளைப் பற்றி ஒரு நம்பர் சொன்னதும் ஆகாததாகிவிட்டது. பஸ்ஸில் ஊர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரம். அந்த அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நேரே பேப்பர் ரூமுக்குள் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே ஹால் முழுக்கப் போனது. நானும் என் டிபன்பாக்ஸோடு போனேன். அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார்.

“ஏய், பேப்பருல குழம்பு வாசம் ஏறிரும். எந்திரிங்க.”

“ஏறாது அண்ணாச்சி,” என்றாள் அக்கா. “அதுவும் பழகிக்கிடும்.”

யாரும் சிரிக்கவில்லை. யாரும் எழவும் இல்லை. சீசன் உச்சத்தில் இருந்தது; லோடு லோடாகக் காலண்டர் போயாக வேண்டும். ஒருத்தியை நிறுத்தினால்கூட வேலை கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் குளிரில் நடந்தது. மற்ற நேரமெல்லாம் அதே தகரம்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. தாள் பறக்காமல், கூரையோரமாகச் சூட்டை வெளியே இழுக்கும் விசிறி வைக்கலாம் என்று அண்ணாச்சியிடம் படம் போட்டுக் கொடுத்தேன். பார்ப்போம் என்றார். திரும்பக் கேட்டேன். “ஒனக்குக் கோவம் மட்டும் ஆகாதும்மா” என்றார்.

விசிறிகள் ஐப்பசியில் வந்தன, மழை பிடித்து ஊரே குளிர்ந்த பிறகு. சாமி படத்துக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, அண்ணாச்சியே சுவிட்சைப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.