ஆன்டெனாவுக்குள் தீப்பெட்டி மெழுகு

படித்தவன் செய்கிற காரியம் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தே தூரத்து ஊர்க்காரர்களோடு பேசுகிற என் ஹாம் ரேடியோ ஆன்டெனாவின் அடியில் ஒரு சுருள் பெட்டி உண்டு. தண்ணீர் இறங்கக் கூடாதென்று கம்பெனியே சீல் வைத்து அனுப்பியது. அதைத் திறந்து, உள்ளே தீப்பெட்டி ஆபீஸ் மெழுகை உருக்கி ஊற்றியவன் நான். ஆபீஸ் என்றால் தொழிற்சாலை; அங்கே தீக்குச்சி முக்குகிற மெழுகு. எங்கள் ஊரில் எந்த ஓட்டையைக் கண்டாலும் கைக்கு முதலில் அகப்படுவது அதுதான். கோவில்பட்டியில், மாசி மாதத்தில், மழைக்குப் பயந்து இதைச் செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் ஆன்டெனா படுத்துவிட்டது. நான் அனுப்பிய அலையில் பாதிக்கு மேல் திரும்பி வருகிறது என்று மீட்டர் காட்டியது. என் பேச்சைத் திருப்பி அனுப்புகிறவர்கள் வீட்டிலேயே உண்டு, அது புதிதல்ல. ஆனால் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்தமானில் ஒருவர் காத்திருப்பார். பதினொரு வருஷப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. பார்வை போன பிறகு, என் குரல் கேட்டால்தான் ஞாயிறென்று தெரிகிறது என்று ஒருமுறை சொன்னார்.

"போன்ல பேசிற வேண்டியதுதான?" என்றாள் மனைவி.

போனில் பேசினால் கண்ணைப் பற்றி விசாரிக்க வேண்டும். ரேடியோவில் மழை, வெயில் சொன்னால் போதும். இதை விளக்கினேன்.

"ரெண்டு தடி ஆம்பளைக்கு இம்புட்டு வெக்கம் ஆகாது" என்று போய்விட்டாள்.

கம்பெனியின் உதவி எண்ணைப் பிடித்தேன். விடுவதில்லை என்று பிடித்தேன். வடக்கே ஏதோ ஊர். எட்டு நாள் காலை பத்து மணிக்கு, வேலைக்குப் போகிறவன் போல் உட்கார்ந்து, காத்திருக்கச் சொல்லி அவர்கள் போட்ட பாட்டைக் கேட்டேன். ஒன்பதாம் நாள் ஒரு பெண் என்ஜினியர் கிடைத்தார். பேச்செல்லாம் ஆங்கிலம்.

பெட்டியைத் திறந்தீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன். ஆன்டெனாவின் எர்த் கம்பி இறங்கியிருக்கிற மண் எப்படி என்றார். அதற்கு மட்டும் நெஞ்சை நிமிர்த்தினேன்: முதல்தரமான கறுப்பு மண், ஈரத்தை விடாது.

படம் அனுப்பச் சொன்னார். மெழுகு வழிந்த பக்கத்தை விட்டு மற்ற மூன்று பக்கங்களையும் அனுப்பினேன். கேபிளை மாற்றச் சொன்னார், மாற்றினேன். மூட்டுகளைத் தேய்க்கச் சொன்னார், கை காய்க்கத் தேய்த்தேன். மூன்று ஞாயிறு போயிற்று, சித்திரையும் பிறந்துவிட்டது.

நாலாவது வாரம், அந்த நாலாவது பக்கத்தின் படம் எங்கே என்றார். பதற்றத்தில் ஆங்கிலம் என்னைக் கைவிட்டது.

"அங்கன ஒண்ணும் இல்ல மேடம்!"

மறுமுனையிலிருந்தும் தமிழ் வந்தது. "சாருக்கு எந்த ஊரு?"

"கோவில்பட்டி."

"எனக்கும் அந்தப் பக்கந்தான், நாகலாபுரம். நெசத்தச் சொல்லுங்க அண்ணாச்சி, உள்ள என்னத்த ஊத்துனீங்க?"

"மெழுகு."

"தீப்பெட்டி ஆபீஸ் மெழுகா?"

"ஆமா."

சிரித்துத் தீர்த்தார். "எங்க அப்பா மோட்டார் பெட்டிக்கும் அதத்தான் ஊத்துவாவ. மெழுகு மேல பழியில்ல, அது கிடக்கட்டும். கரிசல்னு ஒரு வார்த்த சொல்லாம, கறுப்பு மண்ணுன்னு இங்கிலீஷ்ல பெரும பேசியிருக்கீங்களே! சித்திரையில கரிசல் எப்படிக் கிடக்கும்? எர்த் கம்பி பக்கத்துல கைய விட்டுப் பாருங்க."

விட்டேன். முழங்கை வரை போயிற்று. மண் வெடித்து விலகி, பூமியைத் தொட வேண்டிய கம்பி வெடிப்பின் நடுவில் அந்தரத்தில் நின்றது. பிறந்ததிலிருந்து இந்த வெடிப்புகளைத் தாண்டி நடக்கிறவன் நான்; ஒன்றில் செருப்பைக்கூடப் பறிகொடுத்திருக்கிறேன்.

"குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தெனமும் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க" என்றார் என்ஜினியர். "பெட்டியத் தொறந்ததால இனிமே உங்களுக்கு வாரண்டி கிடையாது. அதையும் சொல்லிப்புடுதேன்."

தோண்டினேன், கொட்டினேன், ஊற்றினேன். ஞாயிறு ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். திரும்பி வருவதைக் காட்டும் முள் அசையவில்லை. இரைச்சலுக்குள்ளிருந்து அந்தமான் குரல் வந்தது.

"அப்ப, இன்னிக்கு ஞாயிறு. இங்க மழை."

"இங்க இல்ல" என்றேன்.

மறுநாள் காலை இரண்டாவது குடத்தைக் கம்பிக்குச் சாய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி கொல்லைக் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு ஒரு வாழைய வச்சிருந்தா, இலையாவது அறுத்திருக்கலாம்."