பேட்டரியைக் கழற்றி வைத்த ஆயுத பூஜை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் அகப்படுவது லினக்ஸ், அடுத்தது என் கணவர். அந்த ஆயுத பூஜைக்கு மறுநாள் இருவரையும் சேர்த்தே திட்டித் தீர்த்தேன்.

ஜவ்வாது மலைச் சரிவில், சாமை விளையும் நிலத்தை ஒட்டி எங்கள் வீடு. அவருக்கு விவசாயம். எனக்கு, பதிப்பகங்களின் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி அனுப்பும் வேலை. பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டேன், மலையில் என் வேலை நடக்காவிட்டால் திருப்பத்தூருக்குக் குடிபோய்விட வேண்டும் என்று. அவர் சரி என்று தலையாட்டினார். நிலத்தை விட்டு அரை நாள் இருக்கத் தெரியாத மனுஷன் எந்தத் தைரியத்தில் தலையாட்டினாரோ!

கணினி, திருப்பத்தூர்க் கடையொன்றில் பழையதாக வாங்கியது. கடைக்காரரே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, எல்லாம் சரிசெய்து கொடுத்தார். இரண்டு வருடம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது.

பூஜைக்கு அவர் மண்வெட்டி, மருந்தடிக்கும் கருவி, பைக் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தார். என் கணினியையும் விடவில்லை. மறுநாள் காலை நான் அதை இயக்கினேன். திரையில் லினக்ஸ் வந்து கடவுச்சொல் கேட்டது. அந்த நொடியே மவுஸின் சிவப்பு விளக்கு அணைந்தது. விசைப்பலகையும் செத்தது. இணையமும் இல்லை என்று திரை ஓரத்தில் காட்டியது. வேடிக்கை என்னவென்றால், லினக்ஸ் வருவதற்கு முன்னால் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையில் அதே விசைப்பலகை ஜம்மென்று வேலை செய்தது. லினக்ஸ் வந்தால் மட்டும் படுத்துக்கொண்டது.

வேறு விசைப்பலகை மாட்டிப் பார்த்தேன். பென்டிரைவிலிருந்து புது லினக்ஸை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கையில் பாதி முடித்த நாவல் இருந்தது. சனிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும், பிறகு எனக்கு வேலையே வராது. மதர்போர்டும் லினக்ஸும் இனி ஒத்துப்போகாது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்தக் கடுப்பில் அவரிடம், "இனிமே இங்க நடக்காதுங்க. திருப்பத்தூர்ல வூடு பாருங்க" என்றேன்.

அவர் மறுநாள் விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். ஒடுகத்தூருக்கு உரம் வாங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பதில் சொல்லாமல் போனதற்கும் ஒரு கோபம் வந்தது.

கைப்பேசியில், லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களின் மன்றம் ஒன்றில் என் புலம்பலை எழுதினேன். மதியம் முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டிருந்தார். மதர்போர்டின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தார். அந்த அமைப்புத் திரையில் போய்ப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு மேல் பின்னால் இருந்தது. அப்படியென்றால் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும், இல்லை யாரோ கழற்றியிருக்க வேண்டும் என்று எழுதினார்.

சாயங்காலம் என் கணவர் வந்து கால் கழுவும்போதே கேட்டேன், கணினிப் பெட்டிக்குள் என்ன செய்தீர்கள் என்று.

"வண்டி கழுவறதுக்கு முன்னாடி பேட்டரிய கழட்டி வெச்சிடுவோம் இல்ல? ஷாக் அடிச்சி கெட்டுடப் போவுதுன்னு இதுலயும் கழட்டி வெச்சேன். தொடச்சிட்டு பழையபடி போட்டுட்டேனே" என்றார்.

ஜாக்கிரதையாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் பேட்டரி வெளியே வந்ததும், கடைக்காரர் செய்து வைத்ததையெல்லாம் மதர்போர்டு மறந்துவிட்டது. லினக்ஸ் மேல் ஒரு தப்பும் இல்லை. இதைச் சொன்னதும் மன்றத்துக்காரர், இந்த வகைப் பழைய போர்டுகளில் 'ஐஓஎம்எம்யூ' என்றொரு வரி அணைந்திருந்தால் லினக்ஸில் இப்படித்தான் ஆகும், அதைப் போடுங்கள் என்றார். அமைப்புத் திரையில் தேடிப் பிடித்து அதைப் போட்டேன். சேமித்து மறுபடி இயக்கினேன். கடவுச்சொல் கேட்டது. மவுஸின் விளக்கு அணையவில்லை. நாவலைத் திறந்து ஒரு வரி அடித்தேன். எழுத்து விழுந்ததைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வாசற்படியில் நின்றிருந்தார்.

"அப்ப வூடு வேணாமா?"

"இன்னா வூடு?"

"ரெண்டு பாத்துட்டு வந்தேன். ஒண்ணு பரவால்ல. ஜன்னலாண்ட உன் மேஜைய போட எடம் இருக்குது."

உரம் வாங்கப் போனார் என்று நான் நினைத்த மனுஷன், பெண் பார்த்த அன்று தலையாட்டியதற்காக நாளெல்லாம் திருப்பத்தூரில் வீடு தேடி அலைந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

"வேணாங்க. சாமை அறுப்பு எப்பன்னு சொல்லுங்க. அதுக்குள்ள இத முடிச்சிட்டு நானும் வர்றேன்" என்றேன்.